ஹார்ட் டிஸ்க்கைக் கடையில் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாண வீடியோவை ஏற்றித் தரச் சொல்லி, எங்கள் பகுதி ஸ்டூடியோ ஒன்றில் என் ஹார்ட் டிஸ்க்கைக் கொடுத்தேன். மறைந்த பாட்டியின் படங்களெல்லாம் அதில்தான் இருந்தன.

காப்பி முடிந்து திரையில் கட்டம் மறைந்ததுமே, டிஸ்க்கைப் பாதுகாப்பாகக் கழற்றும் 'எஜெக்ட்' கட்டளையைக் கொடுக்காமலேயே கடைப் பையன் கேபிளைப் பிடுங்கினான். டிஸ்க்கின் விளக்கு இன்னும் மினுக்கிக்கொண்டிருந்தது; அதாவது, திரையில் முடிந்தாலும் டிஸ்க்கில் எழுதும் வேலை முடியவில்லை. "எஜெக்ட் கொடுக்கவில்லையே, தம்பி?" என்றேன். "இப்போதெல்லாம் அது தேவையில்லை, அக்கா" என்றான்.

பாதிதான் உண்மை. விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பு முதல், யூஎஸ்பி சாதனங்களைச் சட்டென்று கழற்ற வசதியான அமைப்பே இயல்பாக வருகிறது. ஆனால், எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்க எந்த விண்டோஸிலும் அனுமதி கிடையாது. அந்தக் கடையில் ஓடியதோ பழைய விண்டோஸ்.

வீட்டில் செருகினால், ஃபார்மட் செய்தால்தான் (அதாவது, டிஸ்க்கைக் காலியாக்கிப் புதிதாகத் தயார்செய்தால்தான்) பயன்படுத்த முடியும் என்று செய்தி வந்தது. அதுவரைகூடப் பெரிய நஷ்டமில்லை. கோப்புகளின் அட்டவணை சிதைந்தாலும் படங்கள் பெரும்பாலும் உள்ளேயே இருக்கும். டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருள்களாலேயே பல சமயம் மீட்டுவிடலாம். எதையும் தொடாமல் கடைக்கு எடுத்துப்போனேன். "படங்களை மீட்டுக் கொடுங்கள், ஃபார்மட் மட்டும் செய்துவிடாதீர்கள்" என்று உரிமையாளரிடம் அழுத்திச் சொன்னேன்.

மறுநாள் "சரியாகிவிட்டது" என்று நீட்டினார். உள்ளே கல்யாண வீடியோ மட்டும் இருந்தது. "விரைவு ஃபார்மட் போதாது என்று டிக்கை எடுத்துவிட்டு முழுதாகவே செய்தேன், ராத்திரியெல்லாம் ஓடியது" என்கிறார்! விஸ்டா முதல் வந்த விண்டோஸ்களில் முழு ஃபார்மட் என்றால் டிஸ்க் நெடுகப் பூஜ்யங்களை எழுதிவிடும். விரைவு ஃபார்மட்டாக இருந்திருந்தால்கூட மீட்க வழியிருந்திருக்கும். தகவல் மீட்பவரிடம் காட்டினேன். எடுக்க ஒன்றுமே இல்லை என்று கையை விரித்துவிட்டார்.

கேட்டால், "உங்கள் டிஸ்க் பழசு" என்று பழியை டிஸ்க் மேல் போடுகிறார். கட்டணத்தைத் திருப்பித் தருகிறாராம். பாட்டியின் முகத்துக்கு அதுவா விலை?

கடையில் உங்கள் கண் முன்னே எஜெக்ட் கொடுக்கச் சொல்லுங்கள். "சாதனம் பயன்பாட்டில் இருக்கிறது" என்று வந்தால், திறந்திருக்கும் கோப்புகளை மூட வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் கணினியை அணைத்தபிறகு கழற்றட்டும். பழுது பார்க்கக் கொடுத்தால், 'ஃபார்மட் செய்யக்கூடாது' என்று ரசீதிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.