11.5 அங்குல பேஸ்பால் இன்ஃபீல்ட் கிளவுஸ்: கொடுத்த காசுக்குத் தகுமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கிளவுஸ் நல்ல கிளவுஸ், நாடா மட்டம்.

டர்பன் சாட்ஸ்வொர்த் பிள்ளைகள் எல்லாம் கிரிக்கெட், ஃபுட்பால் என்று ஓட, என் தங்கை மகன் மட்டும் பேஸ்பாலில் போய் நிற்கிறான், அதுவும் செகண்ட் பேஸில், அதாவது தளங்களுக்குப் பக்கத்தில் நின்று பந்தைப் பிடிக்கிற இன்ஃபீல்டர் இடத்தில். அவனுக்காக டர்பனில் வாங்கியது. விலை ஆயிரம் ரேண்டைத் தாண்டியது, ஆனால் முழுத் தோல். கடையில் இருந்த பையன், பெரிதாக இருந்தால் பந்து நழுவாது என்று 12.5 அங்குலத்தை எங்கள் தலையில் கட்டப் பார்த்தான். அது அவுட்ஃபீல்டில், மைதானத்தின் தூரப் பகுதியில், ஓடி ஓடிப் பிடிப்பவனுக்கு. இன்ஃபீல்டருக்குப் பந்தைப் பிடிப்பது பாதி வேலைதான், பிடித்த கையோடு அதை எடுத்து ஃபர்ஸ்ட் பேஸுக்கு வீச வேண்டும், பை, அதாவது கிளவுஸில் பந்து போய் உட்காரும் குழி, ஆழமாக இருந்தால் பந்தைத் தேடுவதற்குள் அடித்துவிட்டு ஓடுகிறவன் அங்கே போய்ச் சேர்ந்துவிடுவான். இந்த கிளவுஸில் பை ஆழம் குறைவு, விரலை விட்டவுடனே பந்து கையில் வந்துவிடுகிறது.

இந்த ஒரு வேலையை மட்டும் சுத்தமாகச் செய்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு நம் தென்னாப்பிரிக்க பேஸ்பால் வீரர் கிஃப்ட் ங்கோபேயே சாட்சி. 1990-இல் பிறந்தவர். அம்மா ராண்ட்பர்க் மெட்ஸ் பேஸ்பால் கிளப்பில் வேலை பார்த்தார், கிளப் கட்டடத்திலேயே ஒரு அறையில்தான் குடும்பம் இருந்தது, பையன் மைதானத்திலேயே வளர்ந்தான். 2008-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி ஒப்பந்தம் போட்டது. அப்புறம் கீழ் லீக்குகளிலேயே வருடக்கணக்காகக் கிடந்தார், ஏனென்றால் மட்டை கடைசி வரை கைகொடுக்கவில்லை. இரண்டு பக்கமும் நின்று அடித்தவர், ஒரு கட்டத்தில் இடது பக்கத்தையே விட்டுவிட்டார். அடிக்கத் தெரியாதவனை எந்த அணி இத்தனை வருடம் சோறு போட்டு வைத்திருக்கும்? ஷார்ட்ஸ்டாப்பிலும் (இரண்டாவது, மூன்றாவது தளங்களுக்கு நடுவே நிற்கும் இடம்) செகண்ட் பேஸிலும் அந்தக் கை அப்படி.

2017 ஏப்ரல் 26 அன்று ஆளை மேலே, அமெரிக்க பேஸ்பாலின் உச்சமான மேஜர் லீகுக்குக் கூப்பிட்டார்கள். எதிரில் சிகாகோ கப்ஸ், பந்து வீசியது ஜான் லெஸ்டர், முதல் முறை மட்டை பிடித்ததிலேயே ஒரு ஹிட், அதாவது அடித்துவிட்டுப் பத்திரமாகத் தளம் போய்ச் சேர்ந்தார். ஆப்பிரிக்காவில் பிறந்து மேஜர் லீகில் ஆடிய முதல் ஆள் அவர்தான். அம்மா 2013-லேயே போய்விட்டார், அதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. அந்த வருடம் 28 ஆட்டம், அடிக்கும் சராசரி .222, அதாவது பத்து முறைக்கு இரண்டு ஹிட் சொச்சம், குறைவுதான். அடுத்த வருடம் டொராண்டோவில் 13 ஆட்டம், அங்கே ஒரே ஒரு ஹிட். மேஜர் லீகில் அத்தோடு சரி. நம்மவர்கள் சிலர் அந்த .222-ஐச் சொல்லிச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும், அந்த இடம் வரைக்கும் இங்கிருந்து வேறு யார் போயிருந்தார்கள்?

சரி, கிளவுஸுக்கு வருவோம். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே உள்ள வலை திறந்த மாதிரி, தரையில் உருண்டு வரும் பந்தோடு சேர்ந்து வரும் மண் அதன் வழியே கொட்டிவிடும், இது நிஜமாகவே உதவுகிறது. தோல் ஆரம்பத்தில் பலகை மாதிரி விறைப்பு. கொஞ்சமாக எண்ணெய் தடவி, உள்ளே ஒரு பந்தை வைத்துக் கட்டிப்போட்டு, தினமும் வீசிப் பிடித்தால்தான் படியும். அடுப்பில் சூடு காட்டச் சொல்லும் புத்திசாலிகள் பேச்சைக் கேட்காதீர்கள், தோல் வெடித்துப் போகும்.

குறை என்றால் சுண்டுவிரல் பக்கத்து நாடா. முடிச்சு ஒழுங்காக நிற்பதில்லை, ஆட்டத்தின் நடுவில் பல்லால் கடித்து இறுக்கிக்கொண்டு நிற்கிறான் பையன். செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்து வேறு தோல் நாடா கோத்துவிட்டோம், இப்போது பரவாயில்லை. ஆனால் இவ்வளவு விலை வாங்கிக்கொண்டு இதையும் நாமே செய்ய வேண்டுமா?

வாங்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். வலது கையால் வீசுகிறவனுக்கு கிளவுஸ் இடது கையில், எனவே போட்டுப் பார்த்தே வாங்குங்கள். சாஃப்ட்பால் ஆடும் பெண்பிள்ளைகளுக்கு இது வேண்டாம், அந்தப் பந்து பெரிது, இந்தப் பையில் நிற்காது.