"மூணு வாரம் இருட்டுல வைங்க அக்கா": ஊத் வாங்கி ஏமாந்த கதை

சமூக வலைத்தளக் கணக்கு வழியாக ஊத் பெர்ஃப்யூம் வாங்கப் போகிறீர்களா? பணம் அனுப்புவதற்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்கி இதைப் படித்துவிடுங்கள். நான் ஏமாந்துவிட்டேன். எனக்கு விற்ற தம்பி பச்சைப் பொய் என்று சொன்னது ஒன்றோ இரண்டோதான், மற்றதெல்லாம் பாதி உண்மை. வாசனை விஷயத்தில் அரைகுறையாகப் படித்து வைத்திருப்பவர்கள்தான் அந்தப் பாதியில் சுலபமாக வழுக்கி விழுவார்கள். நானும் அந்த அரைகுறை ரகம்தான்.

ஆசை வந்தது ஒரு சால்வையால். கூட வேலை பார்க்கும் அக்கா ஒருவர் நாற்காலியில் போட்டுவிட்டுப் போன சால்வை. அன்றைக்குப் போட்ட சென்ட்கூட இல்லை, முந்தின நாள் போட்டது. தேனைச் சூடாக்கினது போல மேலே ஒரு இனிப்பு. அதற்கு அடியில், ரொம்ப நாள் மூடிக் கிடந்த மரப்பெட்டியைத் திறந்தால் வருமே, அந்த உலர்ந்த மர வாசம். "ஊத்துதான், ஸ்வீட்டா இருக்கிற வகை" என்றார். பரிசாக வந்ததாம், பாட்டில் தீர்ந்துவிட்டதாம், பெயர் நினைவில்லையாம். அன்று பிடித்தது இந்தப் பைத்தியம்.

ஊத் என்று அரபியில் சொல்வது நம்முடைய அகில். அக்குவிலாரியா இனத்து மரம். நோய்நொடி இல்லாத மரத்தை வெட்டினால் வெளுத்த, கனமில்லாத, மணமும் இல்லாத கட்டைதான் கிடைக்கும். காயம் பட்டு, பூஞ்சை ஏறி, தன்னைக் காத்துக்கொள்ள மரம் பிசின் சுரந்தால்தான் கட்டை கறுத்துக் கனத்து மணக்கும். நல்ல கட்டை தண்ணீரில் மூழ்கும். சீன மொழியில் அதற்குப் பெயரே 'மூழ்கும் நறுமணம்' என்ற பொருளில்தான். அந்தக் கட்டையைச் சிராய்களாக்கி, ஊறவைத்து, காய்ச்சி வடித்தால் சொட்டுக் கணக்கில் எண்ணெய் வரும். சுத்தமான அந்த எண்ணெயை முதல் தடவை முகர்பவர்களில் பலர் முகத்தைச் சுளிப்பார்கள். மாட்டுத் தொழுவம், பதனிடாத தோல், பழைய மருந்துப் புட்டி, இப்படியெல்லாம் வரும். இனிப்பும் உண்டு, ஆனால் மெதுவாக, பின்னால்தான் எட்டிப் பார்க்கும்.

ஸ்ப்ரே பாட்டிலில் வரும் 'ஸ்வீட் வுடி ஊத்' வேறு சமாசாரம். அதில் இனிப்பைத் தருவது பெரும்பாலும் வனிலா மணம் தரும் வனிலின், டொங்கா விதை, சாம்பிராணிப் பிசின் வகையறா. எத்தில் மால்டால் தூக்கலாகப் போட்டால் பஞ்சுமிட்டாய். மரவாசத்துக்குக் கோரைக்கிழங்கு இனத்திலிருந்து எடுக்கும் சைப்ரியால், ஆய்வகத்தில் பிறந்த ஐசோ ஈ சூப்பர், கேஷ்மெரான் என்று ஒரு பட்டாளமே இருக்கிறது. 2002-ல் ஈவ் சாங் லோரான் நிறுவனம் எம்7 என்ற பெர்ஃப்யூமைக் கொண்டுவந்ததும், 2007-ல் டாம் ஃபோர்டின் ஊத் வுட் வந்ததும் மேற்கத்தியக் கடைகளில் ஊத் என்ற பெயரையே மாற்றிப் போட்டன. அதற்குப் பிறகு வந்த ஊத் பாட்டில்களில் ஏராளமானவை இப்படிச் சேர்மானத்தால் கட்டிய ஊத்துதான். இதில் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. நன்றாகக் கட்டிய செயற்கை ஊத்தைச் சந்தோஷமாகப் போட்டுக்கொள்வேன். அந்தச் சால்வையில் இருந்ததும் அநேகமாக அதுதான். செயற்கையைக் கொடுத்துவிட்டுச் சுத்தம் என்று காசு வாங்குவதுதான் வயிற்றெரிச்சல்.

அந்தத் தம்பியின் பக்கத்தில் வீடியோக்கள் அபாரமாக இருந்தன. கரியில் கட்டை புகையும், குழாயிலிருந்து கறுப்பாக ஒரு சொட்டு தயங்கித் தயங்கி விழும். 'நூறு சதவீதம் அஸ்ஸாம் ஊத், முப்பது சதவீதம் ஆயில், பன்னிரண்டு மணி நேரம் நிற்கும்.' 50 மி.லி. பாட்டில். மலிவு என்று சந்தேகப்படவும் முடியாது, விலை அதிகம் என்று விலகவும் முடியாது, அப்படி ஒரு விலை. கார்டில் கட்டினால் கமிஷன் பிடிப்பார்கள் என்று சொல்லி நேராகத் தன் கணக்குக்கே அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். இந்த வரியை எழுதும்போதே கை கூசுகிறது.

பெட்டி கனமாக, காந்த மூடியோடு வந்தது. மணிக்கட்டில் ஒரே ஒரு ஸ்ப்ரே. அடடா! குங்குமப்பூ, தேன், பின்னாலேயே மரம். சால்வை நேரில் வந்துவிட்டது. பாட்டிலை என் மஞ்சள் துண்டின் மேல் நிறுத்திப் படம் எடுத்து, "சூப்பர் தம்பி, இதைத்தான் இத்தனை நாளா தேடிட்டிருந்தேன்!" என்று எழுதி அனுப்பினேன். ஸ்ப்ரே அடித்து நான்கு நிமிடம்கூட ஆகியிருக்காது.

அரை மணி நேரத்தில் தேன், கருகின சர்க்கரை ஆனது. ஒரு மணி நேரத்தில் மரம் போய், மார்க்கர் பேனா மூடியைத் திறந்தது போல மூக்கைக் குத்தும் ஒரு காட்டம் மட்டும் நின்றது. இரண்டாவது மணி நேரத்தில் மணிக்கட்டில் என் தோல் வாசனைதான். மறுநாள் நான்கு ஸ்ப்ரே அடித்துக்கொண்டு வேலைக்குப் போனால், சால்வைக்கார அக்கா தலையைத் தூக்கிப் பார்த்து, "யாருக்குப்பா பிறந்தநாள்? பஞ்சுமிட்டாய் வாசம் வருது" என்றார்.

தம்பிக்கு எழுதினேன். உடனே பதில். "உங்க மூக்கு பழகிடுச்சு அக்கா. ஊத்துல அப்படித்தான் ஆகும். மத்தவங்களுக்கு அடிச்சுக்கிட்டே இருக்கும்." இதில் உண்மை இருக்கிறது. ஒரே வாசனையில் இருந்தால் மூக்கு அதைக் கண்டுகொள்ளாது. ஐசோ ஈ சூப்பர் மாதிரியான கனத்த மர மூலக்கூறுகளைச் சிலரால் முகரவே முடியாது. அதனால் வீட்டில் மூன்று பேருடைய மூக்கைக் கடன் வாங்கினேன். ஒரு கையில் அடித்து, ஒரு வெள்ளைத் துணியிலும் அடித்து அடுத்த அறையில் வைத்து, மணிக்கு ஒரு தடவை ஆளுக்கு ஆள் முகர்ந்தார்கள். இரண்டாவது மணி நேரத்தில் கையில் ஒன்றுமில்லை, துணியில் சர்க்கரை மட்டும். என் அம்மா மூன்றாவது சுற்றுக்கே வர மறுத்துவிட்டார்.

அடுத்த பதில்: "உங்களுக்கு ட்ரை ஸ்கின்னா அக்கா?" இதுவும் நிஜம்தான், வறண்ட தோலில் வாசனை சீக்கிரம் ஓடிவிடும். மணமில்லாத க்ரீம் தடவி அதன் மேல் போட்டுப் பார்த்தேன். கூடுதலாக இருபது நிமிடம் கிடைத்தது.

மூன்றாவது பதிலில்தான் என்னை மொத்தமாக முடித்தார். "இது புது பேட்ச் அக்கா, இன்னும் மெச்சூர் ஆகலை. நல்லா பத்து ஸ்ப்ரே வெளியே அடிச்சு, காத்து உள்ள போக விட்டு, மூணு வாரம் இருட்டுல வைங்க. அப்புறம் பாருங்க."

வாசனைக் கலவையை ஆல்கஹாலில் கலந்த பிறகு வாரக்கணக்கில் ஊற விடுவது உண்மை. பிறகு குளிர வைத்து, வடிகட்டி, பாட்டிலில் அடைப்பார்கள். ஆனால் அதெல்லாம் தயாரிப்பவர் செய்ய வேண்டிய வேலை, வாங்கினவள் வீட்டு பீரோவில் நடக்க வேண்டியது இல்லை. திறந்த பாட்டில் கொஞ்சம் மாறலாம், காட்டம் சற்று அடங்கலாம். உள்ளே இல்லாத பொருள் இருட்டில் முளைக்காது. இது எனக்கு அப்போது தெரியாதா என்றால், தெரியும். ஆனால் நம்பத்தான் பிடித்திருந்தது. இவ்வளவு காசு கொடுத்த பிறகு 'பொறு, வரும்' என்று ஒருவர் சொன்னால் மனசு அதைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது.

அந்த ஒரே செய்தியில் அவர் இரண்டு காரியத்தை முடித்துக்கொண்டதைப் பிறகுதான் கவனித்தேன். திருப்பி அனுப்பக் கெடு பத்து நாள். மூன்று வாரம் காத்திருந்தால் கெடு தானாகவே போச்சு. பத்து ஸ்ப்ரே வெளியே அடித்தால் பாட்டில் 'உபயோகித்த பாட்டில்'. அதைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்று அவர்கள் விதிமுறையிலேயே இருந்தது. என்ன மூளை!

மூன்று வாரம் கழித்து எடுத்தபோது திரவம் வெளிர் மஞ்சளிலிருந்து டிகாஷன் நிறத்துக்கு வந்திருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. படம் அனுப்பினேன். "பாத்தீங்களா அக்கா, ஊத் கலர் வெளிய வருது!" என்று பதில். ஊத்தும் இல்லை, ஒன்றும் இல்லை. வனிலின் அதிகமாக இருக்கும் எந்தப் பெர்ஃப்யூமும் நாளாக ஆகப் பழுப்பாகும். வனிலா சேர்த்த சோப்புகூடக் கறுத்துப் போகும். நிறத்தை வைத்து ஊத்தை எடை போடவே முடியாது, அசல் எண்ணெயே தேன் நிறத்திலிருந்து அடர் பழுப்பு வரை வரும். அந்த வனிலின் என் வெள்ளைச் சட்டைக் காலரில் வைத்த கறை இன்னும் போகவில்லை.

வாசனையில் ஒரு மாற்றமும் இல்லை. கூடுதலாக இன்னொன்று வந்தது. காதுக்குப் பின்னாலும் கழுத்திலும் சிவந்து, திட்டுத் திட்டாகத் தடித்து, ராத்திரி முழுக்க அரிப்பு. தோல் மருத்துவர் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "பாட்டில் கொண்டு வந்திருக்கீங்களா? உள்ளே என்னென்ன போட்டிருக்கு?" பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். 'பெர்ஃப்யூம், ஆல்கஹால்.' அவ்வளவுதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒவ்வாமை தரக்கூடிய 26 வாசனைப் பொருள்களைக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் போனால் பெயர் சொல்லி அச்சிட வேண்டும் என்று முன்பே விதி இருந்தது. 2023-ல் அந்தப் பட்டியலை எண்பதுக்கு மேல் நீட்டிவிட்டார்கள். பொடி எழுத்தில் லிமோனீன், லினலூல், கூமரின் என்று ஓடும் அந்த வரியை நான் அதுவரை ஒருநாளும் படித்ததில்லை. அது இல்லாத பெட்டியோடு மருத்துவர் முன்னால் உட்கார்ந்தபோதுதான் எதற்கு இருக்கிறது என்று புரிந்தது. பேட்ச் எண்ணும் பெட்டியில் ஒரு ஸ்டிக்கராக மட்டும் இருந்தது, பாட்டிலில் இல்லை.

கோபத்தில் அன்றைக்குத்தான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். "தம்பி, இது எந்த ஊர் மரத்து எண்ணெய்?"

"அரபு நாட்டு மரம் அக்கா. ஒரிஜினல்."

அகில் மரம் அரபு நாட்டுக் காட்டில் விளைவதில்லை. வடகிழக்கு இந்தியாவில் தொடங்கித் தென்கிழக்கு ஆசியா வழியாக இந்தோனேசியா வரை அதன் நாடு. அரபு நாடுகள் அதை வாங்குகின்றன, புகைக்கின்றன, பூசிக்கொள்கின்றன. இதில் அவருடைய பெட்டியிலேயே அஸ்ஸாம் என்று அச்சாகியிருக்கிறது! அதைச் சுட்டிக்காட்டவில்லை. இன்னொன்று கேட்டேன். அஸ்ஸாமில் விளையும் அக்குவிலாரியா மலாக்கென்சிஸ் 1995 முதல் சைட்டிஸ் ஒப்பந்தத்தின், அதாவது அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தின், இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. 2004-ல் அக்குவிலாரியா வகை மரங்கள் எல்லாவற்றையும் சேர்க்க முடிவெடுத்தார்கள். கட்டையோ எண்ணெயோ மொத்தமாக எல்லை தாண்ட வேண்டுமென்றால் அனுமதிச் சீட்டு வேண்டும். "வெளிநாட்டு எண்ணெய்ன்னா சைட்டிஸ் பேப்பர் இருக்குமே தம்பி, ஒரு படம் அனுப்புங்களேன்."

இரண்டு நீல டிக் விழுந்தது. பிறகு அவருடைய முகப்புப் படம் காணாமல் போனது. என்னை ப்ளாக் செய்துவிட்டார்.

வங்கியில் கேட்டதற்கு, நீங்களே விரும்பி ஒரு தனிநபர் கணக்குக்கு அனுப்பிய பணம், கார்டில் கட்டியிருந்தாலாவது தகராறு எழுப்பிப் பார்த்திருக்கலாம் என்றார்கள். கமிஷன் மிச்சம் பிடித்த லட்சணம் இது.

இப்போது எப்படி வாங்குகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். இரண்டு மில்லி சாம்பிள் தராத இடத்தில் பாட்டில் வாங்குவதில்லை. சாம்பிளைக் காகிதத்தில் முகர்ந்து முடிவு செய்வதில்லை, காலையில் முழங்கைக்கு உள்பக்கம் போட்டுக்கொண்டு அன்றாட வேலையைப் பார்க்கிறேன். இனிப்பு ஊத்தின் சாயம் வெளுப்பது மூன்று, நான்கு மணி நேரத்துக்குப் பிறகுதான். தோல் சிவக்கிறதா என்று பார்க்க இன்னும் இரண்டு நாள் விடுகிறேன். பாட்டில் வந்து பிடிக்கவில்லை என்றால், விற்றவர் எத்தனை வாரம் இருட்டில் வைக்கச் சொன்னாலும், கெடு முடிவதற்குள் புகாரை எழுத்தில் போட்டுவிட்டுத்தான் இருட்டைப் பற்றி யோசிப்பேன். 'சுத்த ஊத்' என்று ஒருவர் சொன்னால் என்ன மரம், எந்த ஊர், யார் வடித்தது என்று கேட்கிறேன். அசலாக விற்பவர்களுக்கு இந்தக் கேள்வி பிடிக்கும், நிறுத்தவே முடியாது, அரை மணி நேரம் பேசுவார்கள்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. போன வாரம் வேறொரு எண்ணிலிருந்து அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். 'வாடிக்கையாளர் கருத்து' என்று முதலில் நிற்பது ஒரு படம். மஞ்சள் துண்டின் மேல் ஒரு பாட்டில், கீழே "சூப்பர் தம்பி, இதைத்தான் இத்தனை நாளா தேடிட்டிருந்தேன்!" அதை நம்பி ஆறேழு பேர் விலை கேட்டிருக்கிறார்கள். நீக்கச் சொல்லி எழுதினேன், அந்த எண்ணையும் ப்ளாக் செய்துவிட்டார். அந்தப் படம் உங்கள் கண்ணில் பட்டால் தெரிந்துகொள்ளுங்கள்: துண்டு என்னுடையது, அதை எழுதினவளும் நான்தான், ஸ்ப்ரே அடித்த நான்காவது நிமிடத்தில்.