கோத்தகிரியில் மூன்று வருடம், ஐந்து ஜோடி பிரேக் பேட்

அக்கா மகன் கோவையிலிருந்து போன் செய்தான். "மாமா, நீங்க வச்சிருக்கிற அதே சைக்கிள் பதினஞ்சாயிரம் குறைஞ்சிருக்கு. வாங்கிடவா?" வழக்கமாக நான் சைக்கிள் புராணம் பாட ஆரம்பித்துவிடுவேன். அன்று வாய் வரவில்லை. காலையில்தான் பின் சக்கரத்தின் பிரேக் டிஸ்க்கைக் கழற்றி மாட்டியிருந்தேன். நகக்கண்ணில் கறுப்பு இன்னும் போகவில்லை.

29 இன்ச் சக்கர மலை சைக்கிள். ஹார்ட்டெயில், அதாவது பின்னால் சஸ்பென்ஷன் கிடையாது, முன்னால் மட்டும் 120 மில்லிமீட்டர் அமுங்கும் ஃபோர்க். ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக். மற்றதெல்லாம் விளம்பரத்திலேயே இருக்கிறது. ஏற்றத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பின்னால் 51 பல் கியரில் போட்டால், எஸ்டேட் ஜீப் திணறுகிற மேட்டில்கூட மூச்சு வாங்கிக்கொண்டே ஏறிவிடலாம். நண்பரின் ஃபுல் சஸ்பென்ஷனை, அதாவது பின்னாலும் சஸ்பென்ஷன் உள்ள வண்டியை, ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தேன். இறக்கத்தில் சோபா மாதிரி. ஏற்றத்தில் பெடலை மிதிக்க மிதிக்க வண்டி ஊஞ்சலாடியது. பின் சஸ்பென்ஷனின் மூட்டு பேரிங்குகளில் செம்மண் சேறு புகுந்தால் கழற்றிப் பார்க்க இங்கே ஆள் இல்லை, கோவைக்குத்தான் இறக்க வேண்டும். வனத்துறை அனுமதியில்லாமல் காட்டுக்குள் நுழைய முடியாது, நமக்குக் கிடைப்பது எஸ்டேட் மண்பாதையும் தேயிலைக்கு நடுவே போகும் ஒற்றையடிப் பாதையும்தான். அதற்கு ஹார்ட்டெயில் போதும். ட்யூப்லெஸ்ஸாக மாற்றியது மட்டும் என் செலவு. கவாத்து பண்ணிய தேயிலைக் குச்சி ஈட்டி மாதிரி நிற்கும், மாற்றும்வரை மாதம் இரண்டு பஞ்சர்.

சரி, பிரேக்குக்கு வருகிறேன்.

ஐப்பசி மழையில் கோத்தகிரிப் பக்கம் நாள்கணக்கில் மூட்டம் விலகாது. அந்த ஈரத்தில் லீவரை அழுத்தினால் முதலில் ஒன்றுமே நடக்காது. அப்புறம் பிடிக்கும், பிடிக்கும்போது ஊரே கேட்கிற மாதிரி கத்தும். கொழுந்து பறிக்கும் அக்காமார் நான் வளைவு திரும்புமுன்பே ஒதுங்கி நிற்பார்கள். "தம்பி, கொஞ்சம் எண்ணெய் விடக்கூடாதா?" என்று ஒருவர் அக்கறையாகக் கேட்டார். டிஸ்க்கில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டாலும் அதைக் கவ்விப் பிடிக்கிற பேட் காலி என்பதை எப்படிச் சொல்வது! அந்தப் பாவத்தையும் ஒருமுறை செய்துவிட்டேன். செயினுக்கு ஸ்ப்ரே அடித்தபோது சாரல் டிஸ்க்கில் பட்டு இரண்டாவது ஜோடி போனது. உப்புத்தாளில் தேய்த்துப் பார்த்தும் தேறவில்லை. அது கம்பெனி தப்பு இல்லை, ஒத்துக்கொள்கிறேன்.

மற்ற நான்கு ஜோடியும் என் கணக்கில் வராது. வண்டியோடு வந்தது ரெசின் பேட், பிசின் சேர்த்துச் செய்தது. காய்ந்த மண்ணில் சத்தமில்லாமல் நன்றாகவே பிடிக்கும். மழையும் சேறும் மணலும் சேர்ந்தால் சோப்பு மாதிரி கரையும். சில வாரத்தில் பேட் தேய்ந்து பின்தகடு தெரிந்துவிடும். உலோகத்தூளில் செய்த மெட்டல் பேட் போட்டால் நாள்படும், சூடும் தாங்கும். போட்டுவிடலாம் என்று டிஸ்க்கைத் துடைத்தபோதுதான் கண்ணில் பட்டது, எறும்பு சைஸ் எழுத்தில் 'ரெசின் பேட் ஒன்லி'. மெட்டல் போட்டால் அந்த மென்மையான இரும்பை அரைத்துத் தின்றுவிடுமாம். மலை சைக்கிள் என்று பெயர் வைத்து விற்கிறவர்கள் மிச்சம் பிடிக்க வேறு இடமா கிடைக்கவில்லை? மேட்டுப்பாளையம் வரை ஏறத்தாழ 1,500 மீட்டர் இறக்கம் இருக்கிற ஊரில் இருந்துகொண்டு கேட்கிறேன். வாங்கிய கடையில் காட்டினேன். டிஸ்க்கைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஆயில் மாற்றி பில் போட்டார்கள்.

கடைசியில் 160 மில்லிமீட்டர் டிஸ்க்கைத் தூக்கிப் போட்டுவிட்டு 180, அதற்கு ஒரு அடாப்டர், மெட்டல் பேட் என்று நானே மாற்றினேன். புது பேட் பழக வேண்டும். வேகமெடுத்து, முழுசாக நிற்காமல் மெதுவாக்கி, மறுபடி வேகமெடுத்து, வீட்டு முன் ரோட்டில் இருபது தடவை. பக்கத்து வீட்டு நாய் பத்தாவது தடவையோடு குரைப்பதை நிறுத்திவிட்டது. இப்போது ஒரு விரலில் நிற்கிறது வண்டி. ஈரத்தில் முன்னைவிட அதிகமாகக் கத்துகிறது, மெட்டல் பேட்டின் குணம் அது.

அந்தக் கூச்சலை முழுசாகத் திட்டவும் மனம் வரவில்லை. போன மார்கழியில் விடிகாலை மூட்டத்தில் சில்வர் ஓக் வரிசையைத் தாண்டி இறங்கினேன். பிரேக் கத்தியது. பத்தடி முன்னால் கறுப்பாக ஏதோ அசைந்தது. ஒற்றைக் காட்டுமாடு. வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி நான்கு கால், தலையைத் தூக்கி ஒரு பார்வை, மூக்கில் ஒரு சீறல், அப்புறம் எனக்கு வழிவிடுவது போலத் தேயிலைக்குள் இறங்கிப் போனது. சத்தமில்லாத பிரேக்காக இருந்திருந்தால் நேராக அதன் வயிற்றில் போய் முட்டியிருப்பேன்.

மாப்பிள்ளையிடம் வாங்காதே என்று சொல்லிவிட்டேன். "அப்ப உங்களுதை என்கிட்ட குடுத்துடுங்க மாமா" என்றான். அதெல்லாம் தர முடியாது. பொங்கலுக்கு வரும்போது மெட்டல் பேட் இரண்டு ஜோடி வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன்.