ரப்பர் படகுக்கு ரிலீஃப் வால்வு போட்டவர்கள் அந்த வெள்ளை ஸ்டிக்கரை உரித்துப் பாருங்கள்

பினாங்கில் காற்றடிக்கிற படகு வைத்திருப்பவர்கள், அதிலும் பிவிசி படகு வைத்திருப்பவர்கள், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். தீவின் தெற்குப் பக்கம் படகுச் சாமான் விற்கும் ஒரு கடையில் என் படகு டியூப்களுக்கு ரிலீஃப் வால்வு, அதாவது அழுத்தம் மிஞ்சினால் தானே திறந்து காற்றை விடும் வால்வு, போடக் கொடுத்தேன். டியூப் வால்வு என்று காசு வாங்கிக்கொண்டு, ஏர் டெக் எனும் காற்றடிக்கிற தரைக்கான வால்வை மாட்டிவிட்டார்கள். அதுவும் தெரியாமல் மாற்றி மாட்டியது இல்லை, அதில் அச்சடித்திருந்த எண்ணைச் சுரண்டிவிட்டு மேலே ஸ்டிக்கர் ஒட்டி மாட்டியது. புகார் போய்க்கொண்டிருப்பதால் கடைப் பெயரை இங்கே போடவில்லை.

என் படகு டியூப்பில் மூன்று அறைகள். தொழிற்சாலையிலிருந்து வரும்போதே தரைக்கு ரிலீஃப் வால்வு இருந்தது, டியூப்களுக்கு இல்லை. விலை குறைந்த பிவிசி படகுகள் பல இப்படித்தான் வருகின்றன. படகோடு வந்த தகட்டில் டியூப்புக்கு அதிகபட்சம் 0.25 பார், அதாவது 3.6 பிஎஸ்ஐ என்று போட்டிருக்கிறது. நம் ஊர் வெயிலுக்கு இது விளையாட்டு இல்லை. காலையில் 27 டிகிரியில் 3 பிஎஸ்ஐ அடித்து விட்டு, படகை வெயிலில் போட்டு உள்ளே இருக்கும் காற்று 60 டிகிரிக்குப் போனால், கணக்குப்படி அழுத்தம் 5 பிஎஸ்ஐயைத் தொடுகிறது. டியூப் கொஞ்சம் விரிந்து கொடுப்பதால் அதைவிடச் சற்றுக் குறையும், அவ்வளவுதான். அந்தச் சூட்டில் டியூப்பை ஒட்டிய பசையும் இளகியிருக்கும். அதனால்தான் வால்வு போடலாம் என்று போனேன்.

டியூப்புக்கு எடுக்கும் வால்வு, வழக்கமாக அடிக்கிற அழுத்தத்துக்குக் கொஞ்சம் மேலே திறக்க வேண்டும், தகட்டில் உள்ள எண்ணைத் தாண்டக் கூடாது. ரொம்பக் கீழே திறக்கிற வால்வை எடுத்தால் டியூப் எப்போதும் தொளதொளவென்றுதான் இருக்கும். ஏர் டெக்கின் கதை வேறு, அதற்கு 0.7, 0.8 பார் வரை அடிப்பார்கள், பத்து பன்னிரண்டு பிஎஸ்ஐ. எனக்கு மாட்டியதும் டியூப்புக்கான வால்வும் வெளியே பார்க்க ஒன்றுதான். அதே கருப்பு பிளாஸ்டிக், அதே மறை, அதே மூடி. உள்ளே இருக்கும் ஸ்பிரிங் மட்டும்தான் வேறு, அதை யார் கழற்றிப் பார்க்கப் போகிறார்கள்?

கடையில் எந்த அழுத்தத்துக்குத் திறக்கும் என்று கேட்டதற்கு அந்த ஆள் சொன்னது, “அண்ணே, இது குக்கர் விசில் மாதிரி, எல்லாம் ஒண்ணுதான், யுனிவர்சல்.” குக்கருக்கே கம்பெனிக்கு கம்பெனி வெயிட் மாறும் என்பது வேறு விஷயம். எண் தெரியாமல் வேண்டாம் என்று அழுத்திக் கேட்டபோது, “3.6 தான் அண்ணே” என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினார். மாட்டி வந்த வால்விலும் வட்டமாக ஒரு வெள்ளை ஸ்டிக்கர், பேனாவில் 3.6 என்று எழுதியிருந்தது. மூன்று வால்வு, டியூப்பில் ஓட்டை போட்டு ஒட்டிய கூலி எல்லாம் சேர்த்து அறுநூறு ரிங்கிட்டுக்கு மேல். ரெசிட்டில் “வால்வு 3” என்பதைத் தவிர ஒன்றும் இல்லை.

பத்து மாவுங் பக்கம் மச்சானோடு மீன் பிடிக்கப் போய்விட்டு, படகைக் கரையேற்றி வைத்து சாப்பிடப் போனோம். (ஒரு மீனும் சிக்கவில்லை, அது தனி வயிற்றெரிச்சல்.) திரும்பி வந்தால் வலது டியூப் சப்பையாகக் கிடக்கிறது, மடிப்பு ஒட்டு ஒரு ஜாண் நீளத்துக்கு வாய் பிளந்திருக்கிறது. வால்வு வேலை செய்திருந்தால் காற்றை விட்டிருக்க வேண்டும். கடலில் இருக்கும்போது நடக்கவில்லை என்பது மட்டும்தான் ஆறுதல்.

கடைக்குப் போனால் ஒரே பதில்: “நீங்க காத்து அதிகமா அடிச்சிருப்பீங்க.” அடித்தது 3 பிஎஸ்ஐ, கேஜோடு படம் இருக்கிறது. அதைக் காட்டினால் கேஜ் சரியில்லை என்கிறார். சரி என்று வீட்டு நிழலில் வைத்து, கிழியாத ஒரு டியூப்புக்கு மச்சான் கைப்பம்பால் மெதுவாக அடிக்க, நான் வேறொருவரிடம் வாங்கிய கேஜைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முள் 3.6 தாண்டியது, 4 தாண்டியது, 4.5 வந்தது, வால்விலிருந்து ஒரு சின்ன ‘உஸ்’ கூட இல்லை. சோப்புத் தண்ணீர் விட்டும் குமிழி வரவில்லை. அதற்கு மேல் அடிக்கப் பயந்து காற்றைத் திறந்துவிட்டோம்.

அப்புறம் வால்வைக் கழற்றி ஸ்டிக்கரை நகத்தால் உரித்தேன். வெயிலில் பசை இளகி ஓரம் ஏற்கெனவே தூக்கியிருந்தது. அடியில் பிளாஸ்டிக் பளபளப்பு போய், அரம் போட்டு ராவிய கோடுகள். எண் இருந்த இடத்தில் பாதி எழுத்துத் தடம் இன்னும் தெரிகிறது. பட்டர்வொர்த்தில் படகு பழுது பார்க்கும் ஒருவர் அதைக் குழாயில் பொருத்திக் காற்றழுத்திக் காட்டினார். பத்து பிஎஸ்ஐயைத் தாண்டிய பிறகுதான் திறந்தது. டியூப்பில் அது இருந்தாலும் ஒன்று, அந்த ஓட்டையில் தக்கை அடைத்திருந்தாலும் ஒன்று.

வாங்கப் போகிறவர்கள், திறக்கும் அழுத்தம் வால்விலோ பிரிக்காத பாக்கெட்டிலோ கம்பெனி அச்சாக இருந்தால் மட்டும் வாங்குங்கள். பேனா எழுத்து, ஸ்டிக்கர் எதுவும் வேண்டாம். ரெசிட்டில் அந்த எண்ணை எழுதச் சொல்லுங்கள், எழுத முகம் சுளித்தால் திரும்பி வந்துவிடுங்கள். டியூப்புக்குள் தடுப்பு இருப்பதால் அறைக்கு ஒரு வால்வு வேண்டும், ஒன்றே போதும் என்று சொன்னால் அதுவும் பொய். காசு கொடுக்கும் முன் கடையிலேயே கேஜ் வைத்து மெதுவாக அடித்து, எந்த எண்ணில் காற்று விடுகிறது, எந்த எண்ணில் திரும்ப மூடுகிறது என்று பாருங்கள். மூடாமல் கசிந்தால் பெரும்பாலும் மணல், தண்ணீரில் கழுவினால் போய்விடும். திறக்கவே இல்லையென்றால் கழுவிப் பயனில்லை. பிவிசிக்கும், ஹைப்பலான் எனும் ரப்பர் துணிப் படகுக்கும் ஒட்டும் பசை வேறு என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள், என் வால்வு ஒன்றின் அடிப்பட்டை இப்போதே ஓரத்தில் உரிகிறது.

நான் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு கொடுத்திருக்கிறேன். கட்டணம் 5 ரிங்கிட்தான், 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வக்கீல் தேவையில்லை. வாட்ஸ்அப் செய்தி, கேஜ் படம், ராவிய வால்வு மூன்றும் கைவசம் இருக்கின்றன. இதே வெள்ளை ஸ்டிக்கர் வால்வு உங்கள் படகிலும் இருந்தால், உரிப்பதற்கு முன் ஒரு படம், உரித்த பின் ஒரு படம் எடுத்து ரெசிட்டோடு எனக்கு அனுப்புங்கள், விசாரணைக்கு எடுத்துக்கொண்டு போகிறேன்.