பிபிஎஸ்எஸ்பிபியா, ரெட்ரோஆர்ச்சா? கரகரப்புக்கும் பட்டன் குழப்பத்துக்கும் எது தேவலை

லீவுக்குக் காரைக்குடி வந்த அக்கா மகன், வளவில் ஆத்தங்குடிக் கல்லில் குப்புறப் படுத்தபடி, "மாமா, சவுண்டு கரகரங்குது, ஏ அமுக்குனா பி விழுது" என்றான். பழைய கையடக்க விளையாட்டுக் கருவிகளின் ஆட்டத்தைப் போனில் ஓட்டும் எமுலேட்டர் ஆப்கள்தான் இரண்டும். சோனியின் பிஎஸ்பி ஆட்டத்துக்கு பிபிஎஸ்எஸ்பிபி, நின்டெண்டோவின் கேம்பாய் அட்வான்ஸுக்கு ரெட்ரோஆர்ச்சில் எம்ஜிபிஏ கோர் (ரெட்ரோஆர்ச்சுக்குள் ஒவ்வொரு கருவிக்கும் தனியாகப் போடும் எமுலேட்டர்) வைத்திருந்தான். ரெட்ரோஆர்ச்சிலேயே பிபிஎஸ்எஸ்பிபி கோரும் இருக்கும்போது தனி ஆப் எதற்கு என்றும் கேட்டான்.

முதலில் சத்தம். பிபிஎஸ்எஸ்பிபியில் சத்தம் உடைந்தால் பெரும்பாலும் கோளாறு வேகத்தில்தான். வேகத்தைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். 100 சதவீதத்துக்குக் கீழே போகும்போதெல்லாம் கரகரத்தால், ரெண்டரிங் ரெசல்யூஷனை, அதாவது படத்தை வரையும் அளவை, ஒரு மடங்குக்கு இறக்குங்கள். பிஎஸ்பியின் சொந்தத் திரையே 480க்கு 272தான். இவன் 4 மடங்கு வைத்திருந்தான். பழைய போன், பாவம்!

ரெட்ரோஆர்ச்சில் பிடி அதிகம். ஆடியோ லேட்டன்சியை, அதாவது சத்தம் வரும் தாமதத்தை, மில்லிசெகண்டில் நாமே வைக்கலாம். 64ல் கரகரத்தால் 96, 128 என்று ஏற்றலாம். ஆனால் ஏற்ற ஏற்ற, குதித்து முடித்த பிறகுதான் குதித்த சத்தம் வரும். கேம்பாய் அட்வான்ஸ் நொடிக்கு 59.73 ஃப்ரேம், இவன் போன் திரை 60. இந்த இடைவெளியை, சத்தத்தின் வேகத்தை அரை சதவீதம் வரை கூட்டிக் குறைத்து ரெட்ரோஆர்ச்சே சரிக்கட்டிவிடும். காதுக்குத் தெரியாது. விடாமல் மெல்லிய இரைச்சல் கேட்டால் அது அந்தப் பழைய கருவியின் குணம். கோர் ஆப்ஷனில், கூரிய ஒலியைக் குறைக்கும் லோ பாஸ் ஃபில்டரைப் போட்டால் அடங்கும்.

ப்ளூடூத் இயர்பட்டின் தாமதத்தை மட்டும் இரண்டுமே தீர்க்காது. ஆயாவின் வயர் இயர்போனை மாட்டியதும் பாதிப் புகார் போய்விட்டது.

பட்டனுக்கு என் ஓட்டு பிபிஎஸ்எஸ்பிபிக்கு. கன்ட்ரோல் மேப்பிங்கில் வேண்டிய வரியைத் தொட்டு, கன்ட்ரோலரில் பட்டனை அமுக்கினால் முடிந்தது. ரெட்ரோஆர்ச் நின்டெண்டோ முறைப்படி ஏ-வை வலப்பக்கமும் பி-யைக் கீழேயும் வைக்கும். எக்ஸ்பாக்ஸ் வகைக் கன்ட்ரோலரில் கீழே இருப்பது ஏ. அதனால்தான் மாறி விழுந்தது. ஆட்டத்தின் நடுவே குவிக் மெனு, கன்ட்ரோல்ஸ், போர்ட் 1 என்று போய் மாற்றி, அந்தப் பட்டன் மாற்றத்தை ரீமேப் ஃபைலாகச் சேமிக்க வேண்டும்.

ஆக, பிஎஸ்பிக்குத் தனி ஆப்பே இருக்கட்டும், கேம்பாய்க்கு ரெட்ரோஆர்ச் என்று முடிவானது. அப்புறம் பார்த்தால், ரீமேப்பை மொத்தக் கோருக்கும் சேமிக்காமல் அந்த ஒரு ஆட்டத்துக்கு மட்டும் சேமித்திருக்கிறான். அடுத்த ஆட்டத்தைத் திறந்ததும் வளவிலிருந்து மறுபடி "மாமா!"