ஒழுகும் சொட்டுக் குழாய்க்கு ஒட்டா, ஜாயினரா, புதுக் குழாயா?

கீழ்வீட்டு அம்மா மாடியேறி வந்து, "தம்பி, எங்கள் சமையலறைச் சுவரில் ஈரம் பூத்திருக்கிறது, வந்து பாருங்கள்" என்று சொன்ன பிறகுதான் என் சொட்டுநீர்க் குழாய்களைக் குனிந்து பார்த்தேன். நாற்பது தொட்டிகள், நான்கு வரிசை 16 மி.மீ. கருப்புக் குழாய், தொட்டிக்கு ஒரு டிரிப்பர், அதாவது குழாயில் செருகித் தண்ணீரைச் சொட்டவிடும் சிறு முனை. செடிக்குப் போகவேண்டிய தண்ணீரில் பாதி தரையில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அன்றைக்குக் கையில் கிடைத்தது எபாக்சி பசை. இரண்டு களிம்பையும் பிசைந்து கீறலின்மேல் அப்பினேன். காய்ந்து கல்லாகிவிட்டது. மறுநாள் தண்ணீர் திறந்ததும் அந்தக் கல் அப்படியே உரிந்து கையோடு வந்தது. இந்தக் குழாய் பாலிஎத்திலீன். மெழுகுபோல் வழுக்கும் அதன் மேல் சாதாரணப் பசை எதுவும் பிடிக்காது. பி.வி.சி. குழாய்க்குப் போடும் சால்வென்ட் சிமென்ட்டும் இதில் வேலை செய்யாது. டெஃப்லான் டேப் மரை உள்ள இணைப்புகளுக்கானது. கீறலில் சுற்றினால் காசுக்குக் கேடு. ஒட்டு வகையில் கொஞ்சமாவது மதிக்கத்தக்கது பழைய சைக்கிள் டியூப்தான். ஒரு விரல் அகலத்துக்கு நறுக்கி, நன்றாக இழுத்துச் சுற்றி முடிச்சுப் போட்டால், கடைக்குப் போய்வரும் வரை தாங்கும். அதையே நிரந்தரம் என்று விட்டுவிட்டால் இரண்டொரு மாத வெயிலில் ரப்பர் வெடித்துவிடும்.

இரண்டு குழாய் முனைகளை இணைக்கும் சிறு பிளாஸ்டிக் துண்டான ஜாயினர் அப்படியல்ல. விலை ஒரு டீக்குக்கூட ஆகாது. கீறல் விழுந்த துண்டை இருபுறமும் நேராக வெட்டி எறிந்துவிட்டு, இரு முனைகளையும் ஜாயினரின்மேல் ஏற்றவேண்டும், அவ்வளவுதான். சாய்வாக வெட்டினால் அங்கேயே மறுபடி ஒழுகும். குழாய் ஏற மறுத்தால் முனையைப் பத்து நொடி வெந்நீரில் முக்கி எடுங்கள், வெண்ணெய்போல் ஏறும். தீக்குச்சி காட்டும் வழக்கம் பலருக்கு உண்டு. அது முனையை ஒருபக்கமாக இளக்கி வாயைக் கோணலாக்கிவிடும்.

டிரிப்பர் செருகிய துளையைச் சுற்றிக் கசிந்தால் அதற்கு ஜாயினர்கூடத் தேவையில்லை. துளை அகன்றுவிட்டது என்று அர்த்தம். அதே டிரிப்பரை அழுத்தி அழுத்திச் செருகுவதில் பயனில்லை. துளையை டம்மி என்கிற அடைப்பானால் அடைத்துவிட்டு, நான்கு விரல் தள்ளிப் புதுத் துளை போடுவதே சரி. ஆணியைச் சுட்டு ஓட்டை போடாதீர்கள்; அதற்கென்றே உள்ள பஞ்ச் வட்டமாகத் துளைக்கும், ஆணித்துளை ஓரத்தில் பிசிறடிக்கும். பி.வி.சி. மெயின் லைனிலிருந்து குழாய் பிரியும் இடத்தில் கசிந்தால் பெரும்பாலும் கிராமெட் என்கிற ரப்பர் வளையம் இறுகிப்போயிருக்கும். அதை மட்டும் மாற்றினால் போதும்.

முழுக் குழாயை எப்போது மாற்றுவது? குழாயைக் கையில் எடுத்து இறுக்கி மடக்கிப் பாருங்கள். மடிப்பில் மெல்லிய வெடிப்புகள் தெரிந்தால் அதன் ஆயுள் முடிந்தது. என் கணக்கு இன்னும் எளிது: ஒரே வரிசையில் மூன்றாவது ஜாயினர் போடும் நாள் வந்தால், அந்த வரிசையையே கழற்றிவிடுவேன். ஒவ்வொரு ஜாயினரும் உள்விட்டத்தைச் சுருக்குகிறது. மாடித் தண்ணீர்த் தொட்டியிலிருந்து தானாக இறங்கும் தண்ணீருக்கு அந்தத் தடையே பெரிது. பத்து மீட்டர் உயரத்துத் தண்ணீர்தான் ஒரு கிலோ அழுத்தம் தரும். என் தண்ணீர்த் தொட்டியோ ஒன்றரை மீட்டர் உயரத்தில் நிற்கிறது. ஒரு கிலோ அழுத்தத்தில் மணிக்கு 4 லிட்டர் என்று விற்கும் சாதாரண டிரிப்பர், என் தொட்டியின் அழுத்தத்தில் ஒன்றரை லிட்டர் சொட்டினாலே அதிகம்.

மாற்றும்போது சிலர் இன்லைன் குழாய் வாங்கச் சொல்வார்கள். உள்ளேயே டிரிப்பர் இருப்பதால் செருகிய இடத்தில் ஒழுகும் தொல்லை இல்லை என்பது உண்மை. தரையில் நீளமாகப் பாத்தி கட்டியவர்களுக்கு அதுவே நல்லது. தொட்டித் தோட்டத்துக்கு நான் அதை எடுக்கமாட்டேன். துளைகள் 30, 40, 60 செ.மீ. இடைவெளியில் வரும், தொட்டிகள் அந்தக் கணக்குக்கு நிற்பதில்லை. போர்வெல் உப்பு அடைத்துக்கொண்டால் கழற்றிச் சுத்தம் செய்யவும் வழியில்லை.

எந்தப் பழுதைப் பார்த்தாலும், கடைசி முனையின் எண்ட் கேப்பைக் கழற்றி ஐந்து நிமிடம் தண்ணீரை ஓடவிட்ட பிறகே மூடுங்கள். வெட்டும்போது விழுந்த பிசிறும் மண்ணும் வெளியே போய்விடும். பிறகு ஒரு டிரிப்பரின் கீழ் டம்ளர் வைத்து ஒரு நிமிடம் பிடித்துப் பாருங்கள். ஒரு கிலோ அழுத்தம் இருந்தால், மணிக்கு 4 லிட்டர் டிரிப்பரில் ஏறக்குறைய 67 மி.லி. சேரவேண்டும்; என் தொட்டிபோல் தாழ்வாக இருந்தால் 25 மி.லி. அளவில்தான் சேரும். வரிசையின் முதல் தொட்டியிலும் கடைசித் தொட்டியிலும் பிடித்தால், நடுவில் எங்காவது இன்னும் ஒழுகுகிறதா என்பது தெரிந்துவிடும்.

என் வீட்டில் பாதிக் கீறல்கள் அணிலின் கைங்கரியம். தண்ணீருக்காகத்தான் கடிக்கிறது என்று நினைத்து ஒரு மண்சட்டியில் தண்ணீர் வைத்தேன். இப்போது சட்டியில் குடித்துவிட்டு, குழாயில் பல்லைத் தீட்டுகிறது. டப்பாவில் பத்து ஜாயினர் எப்போதும் இருக்கின்றன.