கேந்தியா, கொட்டைமுத்தா, சோள வேலியா? வீட்டுத் தோட்டத்துக்கு எது காவல்?

"கேந்தி வச்சா பூச்சி அண்டாது" என்று சொல்லித்தான் கேந்தி, அதாவது செண்டுமல்லி நாற்றை விற்கிறார்கள். நடப்பது நேர்மாறு. காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சி தக்காளியை விட்டுவிட்டுக் கேந்தி மொட்டில் முட்டையிட வரும். அது வரவேண்டும் என்றுதான் கேந்தியே வைக்கிறோம். இழுக்கிற செடி வேறு, மறிக்கிற செடி வேறு. எது எந்தப் பூச்சிக்கு என்று பார்க்காமல் எல்லாவற்றையும் கலந்து நட்டால் தண்ணீர்ச் செலவுதான் மிச்சம்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு சென்ட், அதாவது சுமார் 435 சதுர அடி. அதில் தக்காளி, மிளகாய், கத்தரி, வெண்டை என்று வைத்துக்கொள்வோம்.

தக்காளிக்குக் கேந்தியை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் பெரும்பாலோர் கோட்டை விடுவது நாற்றின் வயதில். இரண்டையும் ஒரே நாளில் விதைத்தால், தக்காளி பூக்கும்போது கேந்தி இன்னும் இலையோடு நிற்கும்; அந்துப்பூச்சி தக்காளிக்கே போகும். 25 நாள் தக்காளி நாற்றோடு 40 முதல் 45 நாள் கேந்தி நாற்றை நட்டால் இரண்டும் ஒன்றாகப் பூக்கும். உயரமாக வளரும் மஞ்சள் கேந்தியாகப் பாருங்கள். வயலில் 16 வரிசைக்கு 1 வரிசை என்பது கணக்கு. ஒரு சென்ட்டில் இரண்டு ஓரத்திலும் ஒன்றரை அடிக்கு ஒன்று போதும்.

நட்டதோடு வேலை முடியாது. மொட்டில் ஊசி குத்தினாற்போல் ஓட்டையும் பக்கத்தில் ஈர எச்சமும் தெரிந்தால் உள்ளே புழு இருக்கிறது. பறித்துக் கோழிக்குப் போடுங்கள். அழகுக்கு இருக்கட்டும் என்று பூவை விட்டுவைத்தால் நாமே புழு வளர்த்த கதைதான். வேப்பங்கொட்டைக் கரைசல் (லிட்டருக்கு 50 கிராம் பருப்பு, இடித்து இரவு ஊறவைத்து வடிகட்டியது, கொஞ்சம் காதி சோப்பு) அடிப்பதானால் தக்காளி மேல் மட்டும் அடியுங்கள். கேந்தி மேலும் அடித்தால் அந்துப்பூச்சிக்கு இரண்டும் ஒன்றாகிவிடும்.

வேர்முடிச்சு நூற்புழுவுக்கும் கேந்தி நல்லதுதான், ஆனால் இடையில் நாலு செடி நட்டு அது நடக்காது. அந்தப் பாத்தி முழுக்க நெருக்கமாக இரண்டு மாதம் கேந்தியே இருந்து, அப்புறம் மண்ணோடு மடக்கினால்தான் பலன். பங்குனி, சித்திரை வெயிலில் இன்னொரு தொல்லை: கேந்தி இலையின் அடியில் சிலந்திப்பேன் மெல்லிய நூல் கட்டும். நூல் தெரிந்த செடியைப் பிடுங்கிவிடுங்கள், பக்கத்துக் கத்தரிக்குத் தாவும்.

கொட்டைமுத்துச் செடி, அதாவது ஆமணக்கு, புரோட்டீனியா என்ற இலை தின்னும் புழுவை இழுக்க. ஓரத்தில் நாலைந்து செடி போதும். இலையைத் திருப்பினால் அடியில் பழுப்பு நிறத்தில் கம்பளி ஒட்டினாற்போல் விரல்நக அளவு திட்டு இருக்கும். அது நூற்றுக்கணக்கான முட்டை. மூன்று, நாலு நாளில் பொரித்துவிடும். குஞ்சுகள் கூட்டமாக ஒரே இலையைச் சல்லடையாக்கும்போதே இலையோடு கிள்ளிச் சோப்புத் தண்ணீரில் போடலாம். வாரத்துக்கு இரண்டு தடவை பார்க்க முடியாதவர் இதை நடவே வேண்டாம். பெரிய புழு பகலில் மண்ணுக்குள் ஒளிந்து, ராத்திரியில் மேய்ந்துவிடும். தென்காசிப் பக்கம் ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மேற்குக் காற்றில் உயரமான செடி சாய்ந்துவிடும். நுனியைக் கிள்ளிக் குட்டையாக வையுங்கள். கொட்டை நஞ்சு. சின்னப் பிள்ளைகள் விளையாடும் வீடானால் குலை முற்றுமுன் வெட்டிவிடுங்கள்.

மிளகாய்க்கு இந்த இரண்டைவிடச் சோள வேலிதான். இது இழுப்பதல்ல, மறிப்பது. காற்றில் மிதந்து வரும் அசுவினி (செடியின் சாற்றை உறிஞ்சும் சின்னப் பூச்சி) முதலில் சோளத்தில் இறங்கிக் குத்திப் பார்க்கும். வாயில் கொண்டுவரும் தேமல் நச்சுயிரி அங்கேயே பெரும்பாலும் கழிந்துபோகும். சுற்றிலும் இரண்டு வரிசை, வரிசைக்கு ஒரு அடி, செடிக்கு அரை அடி. இடம் பற்றாவிட்டால் காற்று வரும் மேற்கை மட்டுமாவது அடையுங்கள். மிளகாய் நாற்றங்கால் போட்டுப் பதினைந்து நாள் கழித்துச் சோளம் விதைத்தால், நடும்போது வேலி முழங்கால் உயரம் நிற்கும். மக்காச்சோளமும் ஆகும்; ஆனால் 2018-ல் படைப்புழு நாட்டுக்குள் வந்தபிறகு அதன் குருத்தையும் தினம் பார்க்கவேண்டியிருக்கிறது. நாட்டுச் சோளமானால் தட்டை மாட்டுக்காவது ஆகும். வேலி போட்டும் மிளகாய் இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பேன். இரண்டும் நாற்றோடேயே வந்திருக்கலாம், வேலியைக் குறை சொல்ல முடியாது.

தட்டைப்பயறு பொறிவண்டுக்காக. கொடியில் அசுவினி அப்பினதும் மருந்து தேடாதீர்கள். அதைத் தின்னத்தான் பொறிவண்டு வரும், வந்தது வெண்டைக்கும் போகும். ஆனால் வெண்டையின் மஞ்சள் நரம்பு நோய்க்கு இது உதவாது. அது வெள்ளை ஈ கொண்டுவருவது. நோய் கண்ட செடியைப் பிடுங்கிவிட வேண்டியதுதான்.

கத்தரிக்குத் தண்டு, காய்த்துளைப்பான்தான் வில்லன். அதை இழுத்து வைக்கும் பக்கத்துச் செடி எதுவும் கைகொடுப்பதில்லை. வாடித் தலை தொங்கும் குருத்தை வாரம் ஒருமுறை, துளைக்கு ஒரு அங்குலம் கீழே கிள்ளி எரியுங்கள். ஒரு சென்ட்டுக்குப் பத்து நிமிடம் ஆகும்.